மருந்து கேக்கற வரைக்கும்: சரவாங்கின்னு சொல்லிட்டாங்களா, முதல் மூணு மாசத்த இப்படி ஓட்டுங்க

சரவாங்கியான்னு பாக்கற ரத்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். லேப் வாசல்லயே ஆட்டோல உக்காந்துக்கிட்டு "ஆன்டி சிசிபி பாசிட்டிவ்"னு போன்ல தேடுவீங்க, கோணலா வளைஞ்ச விரல் படமா வரும், வீடு வந்து சேர்ற வரைக்கும் உங்க விரலயே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு வருவீங்க. நானும் அதத்தான் பண்ணேன், 2019 ஜூன்ல, அண்ணா நகர்லேர்ந்து அம்பத்தூர் வரைக்கும். அந்தப் படத்துல இருக்கறது பெரும்பாலும் வருஷக்கணக்கா சரியான மருந்து போடாம விட்ட கை. இப்ப மருந்து இருக்கு, சீக்கிரமா ஆரம்பிச்சா மூட்டு கெட்டுப்போறத நிறைய பேருக்கு நிறுத்தி வைக்க முடியுது. ஒரே சிக்கல், அது உடனே கேக்காது. இதுக்கு வழக்கமா முதல்ல எழுதற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கேக்க 6 லேர்ந்து 12 வாரம் ஆகும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்னு இன்னொரு மாத்திரை இன்னும் மெதுவு. நடுவுல கெடக்கற அந்த மூணு மாசத்துலதான் எல்லாரும் மருந்த விட்டுட்டு கண்ட பக்கம் போயிடறாங்க. அதத் தாண்டறதுக்குத்தான் இத எழுதறேன். எனக்கு இருக்கறது சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டத் தாக்கற நோய். உங்களுக்கு இதே ரகத்துல லூபஸ், ஷோக்ரன்னு வேற பேர் சொல்லியிருந்தாலும் பாதிக்கு மேல பொருந்தும், மருந்து விஷயத்துல மட்டும் உங்க சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதுதான் கணக்கு.

முதல்ல யார்கிட்ட போறதுங்கறது. மூட்டு வலின்னா நம்ம கால் தானா ஆர்த்தோ டாக்டர்கிட்டதான் போகும், நான் அப்படித்தான் அஞ்சு மாசம் போக்குனேன், வலி மாத்திரை, ஜெல், மறுபடி வலி மாத்திரை. அக்கம்பக்கத்துல எல்லாரும் சிக்கன்குனியான்னு சாதிச்சாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, 2006ல தமிழ்நாடே சிக்கன்குனியால முடங்கிக் கெடந்தத பாத்தவங்க, அந்த ஜுரம் வந்துட்டுப் போனா மாசக்கணக்கா இதே மாதிரி வீங்கும், அதனால டாக்டரே அதையும் யோசிச்சுதான் பாப்பாங்க. ஆனா காலைல எழுந்ததும் கை மடங்காம ஒரு மணி நேரத்துக்கு மேல விறைச்சுக் கெடந்து, வேலை செய்யச் செய்ய இளகுதுன்னா, ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி சின்ன மூட்டா பாத்து வீங்குதுன்னா, போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட்கிட்ட, இந்த மாதிரி வாத நோய்க்குன்னே படிச்ச டாக்டர். தனியார்ல நிறைய பேர் இருக்காங்க. காசு இழுக்குதுன்னா சென்ட்ரலுக்கு எதிர்ல ராஜீவ் காந்தி ஜி.எச்ல இதுக்குன்னே தனித் துறை இருக்கு, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட சேர்ந்தது. கூட்டம் இருக்கும், உக்கார இடம் தேடணும், ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போங்க. கூட ஒருத்தர கூட்டிக்கிட்டுப் போங்க, ஏன்னா டாக்டர் சொல்றதுல முதல் வாக்கியத்துக்கு அப்புறம் நமக்கு எதுவும் காதுல விழாது.

அப்புறம் ஒரு ஃபைல் போடுங்க. செல்போன்ல போட்டோவா இல்ல, நிஜ ஃபைல், பொங்கலுக்கு கடைல குடுக்கற பை மாதிரி இல்லாம நல்ல பிளாஸ்டிக் ஃபைல். பழசு அடில, புதுசு மேல. ஒடம்புல அழற்சி எவ்ளோன்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி, அப்புறம் ரத்த அணு கணக்கு, கல்லீரலுக்கு எல்எஃப்டி, கிட்னிக்கு கிரியாட்டினின், இது எல்லாத்தையும் ஒரே தாள்ல தேதி போட்டு வரிசையா எழுதிட்டே வாங்க. ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்வாங்க, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஒரே லேப்லயே எடுத்தா நம்பர ஒப்பிட்டுப் பாக்க லேசு. இன்னொண்ணு, ஆர்ஏ ஃபேக்டர், ஏஎன்ஏன்னு எடுக்கற ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்ததாலயே நோய்னு ஆயிடாது, நல்லா நடமாடிட்டு இருக்கறவங்களுக்கும் அது பாசிட்டிவ்னு வரும், அதனால மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல அந்த ஒரு வரிய பாத்துட்டு அழ ஆரம்பிக்காதீங்க, கையத் தொட்டுப் பாத்து ஒருத்தர் சொல்லட்டும்.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்லப் போற விஷயம். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு தடவை. தெனமும் இல்ல. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். நம்ம ஊர்ல சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைன்னு எல்லாமே தெனம் போட்டுப் பழகின வீடு, வாரத்துக்கு ஒரு மாத்திரைங்கறது யார் மண்டையிலயும் ஏறாது. எனக்கு மருந்துக் கடைல கவர் மேல பழக்க தோஷத்துல "இரவு 1"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. சனிக்கிழமை ராத்திரி போட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா தண்ணி டம்ளரோட வந்து நிக்கறாங்க, "கவர்ல போட்டிருக்குடி, ராத்திரி ஒண்ணு, நீதான் எதையும் ஒழுங்கா படிக்க மாட்ட"ன்னு, நானும் அசதில வாய்ல போட்டு முழுங்கிட்டேன். திங்கக்கிழமை காலைல, இதோட பக்க விளைவக் கொறைக்கக் குடுக்கற ஃபோலிக் ஆசிட் மாத்திரைய எடுக்கறப்பதான் சீட்டப் பாத்து பதறிப் போய் டாக்டருக்கு போன் பண்ணேன், ரத்தம் எடுக்கச் சொல்லி, அந்த வாரம் முழுக்க தெனம் ஒரு தடவை எப்படி இருக்குன்னு கேட்டாங்க. தப்பிச்சேன். ஆனா தெனமும் போட்டுட்டே போனவங்களுக்கு எலும்பு மஜ்ஜையே பாதிச்சு உயிருக்கே ஆபத்தாகும், இது உலகம் முழுக்க திரும்பத் திரும்ப நடக்கற தப்பு.

அதனால கடைலேர்ந்து வந்ததும் அந்த அட்டை மேலயே ஸ்கெட்ச் பேனால கெழமைய எழுதுங்க. "சனி மட்டும்". பெருசா. வீட்ல எல்லாருக்கும் காட்டுங்க. மத்த மாத்திரை டப்பால சேத்து வைக்காதீங்க. இந்த மாத்திரை 2.5, 7.5, 10ன்னு பல அளவுல வருது, கடைல 2.5 கெடையாது, 10தான் இருக்குன்னு மாத்திக் குடுத்தா எண்ணிக்கை மாறிடும், மறக்காம மில்லிகிராம பாருங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு போட்டா குமட்டல் கொஞ்சம் தூக்கத்துலயே போயிடும், மறுநாள் லீவா இருக்கற மாதிரி நாள் பாருங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை காலைல வாய்ல காசு வச்ச மாதிரி ஒரு ருசி இருக்கும், எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கிட்டு ரசஞ்சாதம் சாப்பிட்டாதான் அடங்கும். வாய்ல புண்ணு, ஜுரம், இடிச்சுக்காமலே கன்னிப் போறது, வறட்டு இருமலோட மூச்சு வாங்கறது, இதுல எது வந்தாலும் அடுத்த டோஸுக்குக் காத்திருக்காம அன்னிக்கே கூப்பிடுங்க. யூரின் இன்ஃபெக்ஷன்னு வேற டாக்டர்கிட்ட போனா நான் மெத்தோட்ரெக்ஸேட்ல இருக்கேன்னு முதல்ல சொல்லுங்க, கோட்ரைமாக்ஸசோல்னு ஒரு ஆன்டிபயாடிக் இருக்கு, செப்ட்ரான்னு சொன்னா தெரியும், அது ரெண்டும் சேரவே கூடாது. தண்ணியடிக்கற பழக்கம் இருந்தா கல்லீரல நெனச்சு டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. சிகரெட்ட விட்டே ஆகணும், அது இந்த நோய ஏத்தி விடும், மருந்தையும் சரியா கேக்க விடாது.

ஸ்டீராய்டு பத்தி. மெயின் மருந்து கேக்கற வரைக்கும் தாக்குப்பிடிக்க வைஸோலோன் குடுப்பாங்க. போட்ட மூணாவது நாள் நீங்க ராஜா மாதிரி எழுந்து நடப்பீங்க. அங்கதான் வம்பே. இதுதான் நல்ல மாத்திரை, மத்ததெல்லாம் வேஸ்ட்டுன்னு தோணும், பழைய சீட்ட காட்டி கடைல வாங்கி வருஷக்கணக்கா போடறவங்க இருக்காங்க, மூஞ்சி உப்பி, சுகர் ஏறி, எலும்பு பஞ்சாகி நிப்பாங்க. இன்னொரு கோஷ்டி, ஸ்டீராய்டுன்னு பேரக் கேட்டதும் பயந்து ஒரே நாள்ல நிறுத்திடும். அதுவும் தப்பு, ஏன்னா கொஞ்ச வாரம் போட்டுட்டாலே ஒடம்பு தன்னோட சொந்த சரக்க சுரக்கறத கொறச்சிடும், திடீர்னு நிறுத்தினா பிரஷர் எறங்கி மயக்கம் போட்டு விழலாம். டாக்டர் எழுதிக் குடுக்கற மாதிரி படிப்படியா எறக்கணும். காலைல, இட்லி சாப்பிட்டதுக்கு அப்புறம், வெறும் வயித்துல காப்பியோட இல்ல.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் குடுத்திருந்தா முதல் வருஷத்துக்குள்ள ஒரு தடவை விழித்திரைய செக் பண்ணிடுங்க, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். இது ஒரு எட்டு வச்சு போயிட்டு வர்ற வேலை, அதனாலயே எல்லாரும் மறந்துடறாங்க.

அசதி. வலியக் கூட வீட்டுக்காரங்க நம்பிடுவாங்க, இத நம்ப மாட்டாங்க. எனக்கு நோய் தெரிஞ்சது சென்னைல ஏரியெல்லாம் வறண்டு போன அந்த 2019 கோடைல, செம்பரம்பாக்கம் வெடிச்சுக் கெடந்துச்சு, ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. எங்க தெருவுக்கு லாரி வந்தா வீட்டுக்கு ஆறு குடம். குளிக்க ஒண்ணு, சமையலுக்கு ஒண்ணரை, பாத்ரூமுக்கு ரெண்டுன்னு அம்மா கணக்கு வச்சிருந்தாங்க. எனக்கு மணிக்கட்டு வீங்கி குடத்த இடுப்புல வைக்க முடியாம வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தப்பதான் என் ஒடம்பும் இப்படித்தான்னு புரிஞ்சுச்சு, ஒரு நாளைக்கு ஆறு குடம். அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். தலைக்குக் குளிச்சா ஒரு குடம், அம்பத்தூர்லேர்ந்து கிண்டி ஆபீஸுக்கு ரயில் மாறி பஸ் மாறி நின்னுக்கிட்டே போனா ரெண்டு, மீட்டிங் ஒண்ணு, திரும்பி வர ரெண்டு. தீர்ந்துடுச்சும்மா, இதுக்கு மேல மாவாட்டச் சொல்லாதன்னு. அதுக்கப்புறம் அவங்களே "இன்னிக்கு எத்தன குடம்டி இருக்கு"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. உங்க வீட்ல புரியற பாஷைல நீங்க ஒண்ணு கண்டுபிடிச்சுக்கங்க. நல்லா இருக்கற நாள்ல இருக்கற எல்லா வேலையையும் இழுத்துப் போட்டு செஞ்சுட்டு அடுத்த மூணு நாள் படுக்கறதுதான் நாம பண்ற பெரிய தப்பு, தீபாவளிக்கு முன்னாடி பரண் ஒட்டடை அடிக்கற வேலையெல்லாம் அந்த ரகம்.

காலை நேரத்துக்கு சில கைப்பாடம். அலாரத்த முக்கால் மணி நேரம் முன்னாடி வைங்க. எழுந்ததும் பக்கெட்ல பொறுக்கற சூட்டுல வெந்நீர் எடுத்து பத்து நிமிஷம் கைய அமுக்கி வச்சு உள்ளயே மெதுவா மூடி மூடித் தொறங்க. ஆவின் பாக்கெட்ட பல்லால கடிச்சு இழுக்காம கத்திரிக்கோல பால் பாத்திரம் பக்கத்துலயே மாட்டுங்க. குக்கர் மூடி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் விரல் நுனிய விட்டுட்டு உள்ளங்கைய வச்சு அமுக்கித் திருப்பணும், கனமான பாத்திரத்த ஒரு கைல தூக்கவே தூக்காதீங்க. பைய விரல்ல தொங்க விடாம முழங்கைல, இல்ல தோள்ல மாட்டுங்க. திருகற குழாய நீளக் கைப்பிடி வச்ச குழாயா மாத்த பிளம்பருக்கு அரை மணி நேர வேலை, நான் இத மூணு வருஷம் கழிச்சுதான் பண்ணேன், ஏன் அவ்ளோ நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்னு இப்பவும் தெரியல. கோலம் போட முடியலன்னு மார்கழில எனக்கு ரொம்ப அழுகையா வந்துச்சு, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் முக்காலிய போட்டு உக்காந்துக்கிட்டு நாலு புள்ளில முடிச்சுட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லல.

சொந்தக்காரங்க. இந்த நோய் என்னன்னு அவங்களுக்கு ஒரே வரில சொல்லணும்னா, காவலுக்கு வச்ச நாய் வீட்டுக்காரனையே கடிக்குதுன்னு சொல்லுங்க. கேட்டுட்டு, "அப்ப எதிர்ப்பு சக்திய ஏத்தணும்"னு ஒரு சித்தி கண்டிப்பா சொல்வாங்க. நாய்க்குக் கறி போட்டு வளக்கற கதைதான். எங்க வீட்ல சீந்தில் கொடி பொடி வந்துச்சு, முடக்கத்தான் தோசை வந்துச்சு, யாரோ குடுத்த பேரில்லாத கறுப்பு உருண்டை வந்துச்சு. முடக்கத்தான் தோசைய நான் சாப்பிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, தோசையா சாப்பிடுங்க, மருந்தா நெனச்சு மாத்திரைய நிறுத்தாதீங்க. சீந்தில் விஷயத்துல நான் தள்ளி நிப்பேன், 2021ல மும்பை டாக்டர்கள் அதச் சாப்பிட்ட சிலருக்கு கல்லீரல் பாதிப்பு வந்தத எழுதியிருந்தாங்க, ஆயுஷ் அமைச்சகம் அத மறுத்துச்சு, எப்படியும் மெத்தோட்ரெக்ஸேட் போடற கல்லீரல்ல போய் அந்த சண்டைக்குத் தீர்ப்பு தேட எனக்கு இஷ்டமில்ல. பேரில்லாத உருண்டைய தொடவே தொடாதீங்க, மூணே நாள்ல வலி போகுதுன்னா உள்ள ஸ்டீராய்டு அரைச்சுப் போட்டிருக்க வாய்ப்பு இருக்கு. சித்த மருத்துவம் பாக்கணும்னா முறையா படிச்சவங்ககிட்ட, ரெண்டு பக்க டாக்டருக்கும் தெரிஞ்சு பாருங்க. சித்திகிட்ட சண்டை போட வேணாம், "டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடறேன் சித்தி"ன்னு வாங்கி வச்சுக்கங்க, விஷயம் முடிஞ்சுடும்.

கல்யாணமாகாத பொண்ணுன்னா வீட்ல "வெளிய சொல்லாத"ன்னு ஒரு உத்தரவு வரும். யார்கிட்ட சொல்றது எப்ப சொல்றதுங்கறது உங்க முடிவு, ஆனா கட்டிக்கப் போறவர்கிட்ட மறைச்சு, முதலிரவு முடிஞ்ச வாரத்துல ஒளிச்சு ஒளிச்சு மாத்திரை போட்டு ஒரு டோஸ் விட்டு ஒரு டோஸ் போடற நெலமைய மட்டும் இழுத்துக்காதீங்க. கொழந்தை பெத்துக்க முடியுமான்னா முடியும், நிறைய பேர் பெத்திருக்காங்க. ஆனா மெத்தோட்ரெக்ஸேட் வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஆகவே ஆகாது, அதனால அது ஓடற வரைக்கும் கட்டாயம் தடுப்பு முறை வேணும், கொழந்தைன்னு நெனச்சா மாசக்கணக்குல முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி மருந்த மாத்தணும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின கர்ப்பத்துலயும் பெரும்பாலும் தொடரச் சொல்வாங்க. மாமியார் கேட்டாங்கன்னு நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

காசு விஷயம் சுருக்கமா. மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் பெரிய செலவு இல்ல, ரத்தப் பரிசோதனைதான் கடிக்கும். மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரில தமிழ்நாடு அரசு தொறந்த முதல்வர் மருந்தகத்துலயும் உங்க மருந்து இருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் புதுசா எடுக்கறீங்கன்னா நோய மறைக்காதீங்க, க்ளெய்ம் அப்ப மாட்டிக்கும், முன்னாடியே இருக்கற நோய்க்கு காத்திருப்பு காலம் அதிகபட்சம் 3 வருஷம்னு 2024ல கொறச்சிருக்காங்க. ஆபீஸ் குரூப் பாலிசில பெரும்பாலும் முதல் நாளே கவர் ஆகும், எச்ஆர்கிட்ட கேளுங்க.

கைல எப்பவும் ரெண்டு வார மாத்திரை கூடுதலா இருக்கட்டும். இது நான் ரெண்டு தடவை அடிபட்டுக் கத்துக்கிட்டது. 2020 மார்ச்ல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு கெளம்பி ஒண்ணுமில்லாதவங்க எல்லாம் அட்டை அட்டையா வாங்கி அடுக்கிட்டாங்க, சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அரசாங்கமே கட்டுப்பாடு போட வேண்டியதாச்சு, நான் எட்டு கடை ஏறி எறங்கினேன். அப்புறம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், தண்ணி வடிய நாளாச்சு, கடை எதுவும் தொறக்கல. ஃப்ரிட்ஜ்ல வைக்கற ஊசி போடறவங்க கரன்ட் போனா எங்க எடுத்துட்டுப் போறதுன்னு அக்டோபருக்குள்ளயே ஒரு வீட்ட பேசி வச்சுக்கங்க.

மழைக் காலத்துல ஜுரம் வந்தா அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்ட டாக்டர கேக்காம போடாதீங்க. டெங்குவா இருக்கலாம்ங்கறதால வலி மாத்திரையும் வேணாம், பாரசிட்டமால் மட்டும். ஃப்ளூ, நிமோனியா ஊசி போடலாமான்னு கேளுங்க, பெரும்பாலும் போடச் சொல்வாங்க, உயிருள்ள கிருமி வச்சு செய்யற தடுப்பூசிகள மட்டும் கேக்காம போடக் கூடாது.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன் எனக்குன்னு ஒரு கேள்வி வரும், பகல்ல வராது, ராத்திரிலதான். முந்தின நாள் சாப்பிட்ட கத்திரிக்காய்லேர்ந்து பாட்டி சாபம் வரைக்கும் மனசு தேடும். நீங்க ஒண்ணும் தப்பா சாப்பிட்டதால வந்ததில்ல. தூக்கம் போயி, வாழவே பிடிக்கலன்னு தோண ஆரம்பிச்சா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. உங்க ருமட்டாலஜிஸ்ட்கிட்டயும் சொல்லுங்க, அதுவும் நோயோட சேத்திதான்.

மூணாவது மாச ரிவ்யூ. டாக்டர் உங்க தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், முழங்கால்னு 28 மூட்ட ஒண்ணொண்ணா அமுக்கி எது வலிக்குது எது வீங்கியிருக்குன்னு எண்ணுவாங்க, அத ரத்த ரிப்போர்ட்டோட சேத்து ஒரு ஸ்கோர் போடுவாங்க, அத வச்சுதான் டோஸ் ஏத்தறதா, இன்னொரு மாத்திரை சேக்கறதான்னு முடிவாகும். இதுலயும் அடங்கலன்னா அடுத்தது டோஃபாசிடினிப் மாத்திரை, பயலாஜிக் ஊசின்னு இருக்கு, எதிர்ப்பு சக்திய இன்னும் அடக்கற மருந்துங்கறதால அதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு, ஹெபடைட்டிஸ் இருக்கான்னு பாப்பாங்க, அதக் கேட்டு பயப்படாதீங்க. போறதுக்கு முந்தின வாரமே எழுதி வைங்க, காலைல கை எத்தன நிமிஷம் விறைச்சிருந்துச்சு, எந்த பட்டன போட முடியல, எத்தன நாள் வலி மாத்திரை போட்டீங்கன்னு. உள்ள போயி உக்காந்து, எப்படிம்மா இருக்கன்னு அவங்க கேட்டதும் நம்ம வாய் தானா "பரவால்ல டாக்டர்"னு சொல்லும், வெளிய அம்பது பேர் காத்திருக்காங்களேன்னு. நான் ரெண்டு ரிவ்யூல அப்படிச் சொல்லிட்டு எழுந்து வந்தேன், ஏத்த வேண்டிய டோஸ ஏத்தாம ஆறு மாசம் போச்சு, வலது கை நடுவிரல்ல ஒரு மூட்டு இப்பவும் முழுசா மடங்காது.